நகரத்துப் பொதுப் பழத்தோட்டம்: பரந்த நடவா, அடர் நடவா, உணவுக் காடா?

ஊருக்குப் பொதுவாக ஒரு பழத்தோட்டம் போடலாம் என்று பத்துப் பதினைந்து பேர் ஒன்றுகூடி, நிலத்துக்கும் அனுமதி வாங்கிவிட்டால், அடுத்த கூட்டம் பெரும்பாலும் வாக்குவாதத்தில்தான் முடியும். பழைய தோப்புகளைப் போல நன்றாக இடம் விட்டுப் பெரிய மரங்களாக வளர்க்கலாம் என்பார் ஒருவர். வேளாண் கண்காட்சிக்குப் போய்வந்த இன்னொருவர், அடர் நடவு போட்டால் அதே நிலத்தில் பல மடங்கு மரம் நிற்கும், சீக்கிரம் காய்க்கும் என்பார். மரம், புதர், கொடி, கிழங்கு எல்லாம் அடுக்கடுக்காக நிற்கும் உணவுக் காடுதான் வேண்டும் என்று நிற்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் மூவரும் வேறு வேறு தோட்டக்காரரை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

இங்கே நான் ஒப்பிடுவது ஒரே ஒரு நிலைமைக்காக: நகரத்துக்குள் ஏறத்தாழ ஒரு ஏக்கர், சம்பளத்துக்கு ஆள் இல்லை, வார இறுதியில் வந்து உழைக்கும் தன்னார்வலர்கள் மட்டுமே. சொந்த நிலத்தில் பழம் விற்றுப் பிழைக்கும் விவசாயிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருடைய கணக்கை அப்படியே எடுத்துப் பொதுத் தோட்டத்தில் போடுவதுதான் பல குழுக்கள் தடுமாறும் இடம் என்பது என் எண்ணம்.

எதை வைத்து அளப்பது

விவசாயிக்கு ஏக்கருக்கு எத்தனை டன் என்பது அளவுகோல். தன்னார்வத் தோட்டத்துக்கு விளைச்சல் இரண்டாம் பட்சம், கைகள்தான் முதல். அதுவும் நடவு நாளில் வந்த கைகள் கணக்கில் சேராது. நடவு நாளுக்கு ஊரே திரண்டு வரும், குழந்தைகள் கன்று வைப்பார்கள், படம் எடுப்பார்கள். அதன்பின் மூன்று நான்கு வருடங்களுக்குப் பழமே இருக்காது. களை எடுப்பது, தண்ணீர் ஊற்றுவது, முட்டுக்கொம்பைச் சரிசெய்வது, வேரடி மண்ணை இலைதழையால் மூடி மூடாக்குப் போடுவது, மறுபடியும் தண்ணீர் ஊற்றுவது. மூன்றாம் வருடத்தின் மிக வறண்ட மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எத்தனை பேர் வருவார்கள்? அந்த எண்ணைத்தான் ஒவ்வொரு முறைக்கும் எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். நடவுக்கு ஐம்பது பேர் வந்த தோட்டத்தில் அன்றைக்கு ஆறு பேர் வந்தால் அது நல்ல தோட்டம்.

வேலையிலும் இரண்டு வகை உண்டு. எந்த வாரம் செய்தாலும் பாதகமில்லாத, புதிதாக வந்தவரும் செய்யக்கூடிய வேலை ஒன்று: களையெடுப்பு, மூடாக்கு, உதிர்ந்த இலை சேர்ப்பது. நாள் தவறினால் கெட்டுப்போகிற, கை பழகியவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை இன்னொன்று: கிளைகளை வெட்டிச் சீராக்கும் கவாத்து, பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சியையும் சாம்பல் நோயையும் கவனிப்பது, பழுத்த வாரத்திலேயே பறிப்பது. முதல் வகை எவ்வளவு இருந்தாலும் தன்னார்வலர்கள் சமாளித்துவிடுவார்கள். அது ஆட்களைச் சேர்க்கவும் செய்யும். இரண்டாம் வகை அதிகமானால் தோட்டம் இரண்டு மூன்று பேரின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவர்களில் ஒருவர் ஊர் மாறிப் போனால் தோட்டமே தள்ளாடும்.

பரந்த நடவு

மாவுக்கு வழக்கமான இடைவெளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஏக்கருக்கு 40 மரம். விதைக்கன்றாகவோ, நன்கு வளரும் வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடி) கட்டிய ஒட்டுக்கன்றாகவோ வைத்து, மரத்தை அதன் போக்கில் பெரிதாக வளர விடுவது இந்த முறை. குளிர்நாடுகளில் இதற்கு இணையானது எம் 25 போன்ற வீரிய வேர்ச்செடியில் ஒட்டிய ஆப்பிள்.

இதன் பெரிய பலம், மறதியைப் பொறுத்துக்கொள்வது. வேர் ஆழமாகப் போய்விட்டால் ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு தண்ணீர்க் கவலை பெருமளவு குறைந்துவிடும். ஒரு வருடம் கவாத்து செய்யாவிட்டாலும் மரம் குழம்பாது. குழு கலைந்துபோய் நான்கு வருடம் கழித்துப் புதுக் குழு வந்தாலும் மரங்கள் நின்றுகொண்டிருக்கும். அந்த நான்கு வருடமும் நிழலாவது தந்திருக்கும். பொது இடத்துக்கு இது சாதாரண விஷயமில்லை. வெயில் காயும் நகரத்தில் நிழலுக்காகவே ஒரு தோட்டம் இருக்கலாம்.

பலவீனம் உயரம். முப்பது நாற்பது அடி மரத்தில் பழம் உச்சியில் பழுக்கும். தொரட்டியும் வலையும் எட்டாத கிளைக்கு ஆள் ஏற வேண்டும். மரம் ஏறத் தெரிந்த தன்னார்வலர் அரிது. தெரியாதவரை ஏற்றுவது குற்றம். ஒரு பொதுத் தோட்டத்தில் நடக்கக்கூடிய மிகக் கடுமையான விபத்து ஏணியிலிருந்தோ கிளையிலிருந்தோ விழுவதுதான். ஆகவே மேல் பாதிப் பழம் அணிலுக்கும் வௌவாலுக்கும் போகும், மீதி தரையில் விழுந்து அழுகும். அழுகிய பழத்தில்தான் பழ ஈ பெருகும். பெண் ஈ பழத்தோலுக்குள் முட்டையிடும். புழு பழத்தைத் தின்று வளர்ந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அடுத்த தலைமுறை அங்கிருந்து எழும்பும். மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருளை வைத்த இனக்கவர்ச்சிப் பொறி ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும். அதைத் தொங்கவிட்டுவிட்டு விழுந்த பழத்தைப் பொறுக்காமல் இருந்தால் பயன் குறைவு. எட்டாத உயரத்தில் பழம் இருக்கும் தோட்டத்தில் பொறுக்கும் வேலை எப்போதும் மிச்சமிருக்கும்.

இன்னொன்று, காத்திருப்பு. மா விதைக்கன்று காய்க்க ஆறு முதல் பத்து வருடம் ஆகலாம். ஒட்டுக்கன்று மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் காய்க்கத் தொடங்கும். பத்து வருடம் பழமில்லாமல் ஒரு தன்னார்வக் குழுவைக் கட்டிக்காப்பது மிகக் கடினம்.

இடைக்காலத்தில் வரிசைகளுக்கு நடுவே பப்பாளி, கொய்யா போன்றவற்றை நிரப்பு மரமாக வைத்துக்கொண்டு, பெரிய மரம் விரிந்ததும் எடுத்துவிடலாம் என்று வேளாண் கையேடுகள் சொல்லும். பப்பாளிக்கு இது சரி. சில வருடத்தில் தானே ஓய்ந்துவிடும். கொய்யா அப்படியல்ல. காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தை வெட்டத் தன்னார்வலர்கள் ஒப்பமாட்டார்கள். அதை நட்ட குழந்தை இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கும், வெட்டாதீர்கள் என்று வந்து நிற்கும். அந்த அன்பு நியாயமானது, தோட்டத்தின் உயிரே அதுதான். அதனால் பின்னால் எடுத்துவிடலாம் என்று சொல்லி எந்த மரத்தையும் பொதுத் தோட்டத்தில் வைக்கக் கூடாது. வைத்தது நிற்கும் என்று எண்ணியே இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும்.

அடர் நடவு

இது மிகவும் கவர்ச்சியான தெரிவு. மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. 5 மீட்டருக்கு 5 மீட்டர் வைத்தால் ஏக்கருக்கு 160 மா. 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்ற மிக அடர் முறையில் 670க்கும் மேல். கொய்யாவை 2 மீட்டருக்கு 1 மீட்டர் என்று நெருக்கி, ஏக்கருக்கு ஏறத்தாழ 2,000 செடியாக வளர்க்கும் முறையும் உண்டு. பழம் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும், ஏணி வேண்டாம், மூன்றாம் வருடத்திலிருந்தே பழம் பார்க்கலாம். குழந்தைகளும் முதியவர்களும் பறிக்கலாம். இவை எல்லாம் உண்மை.

ஆனால் மரம் சிறிதாக இருப்பது எதனால் என்று கேட்க வேண்டும். ஆப்பிளில் அந்த வேலையை வேர்ச்செடி செய்கிறது. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் வகைப்படுத்திய எம் 9 வேர்ச்செடியில் ஒட்டிய ஆப்பிள் இரண்டரை, மூன்று மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். விலையாக அது வேறொன்று கேட்கும்: வேர் பலவீனம், ஆயுள் முழுக்க முட்டுக்கொம்பு வேண்டும், காலடியில் புல் மண்டினால் தாங்காது, தண்ணீர் தவறினால் சோர்ந்துவிடும். மாவுக்கோ அந்த அளவுக்கு நம்பகமான குட்டை வேர்ச்செடி பரவலான பழக்கத்தில் இல்லை. தசேரியையும் நீலத்தையும் கலந்து உருவாக்கிய ஆம்ரபாலி போன்ற குட்டை ரகங்கள் ஓரளவு உதவும். மற்ற ரகங்களில் மரத்தைக் குட்டையாக வைத்திருப்பது கவாத்துக் கத்தரிதான். வணிகத் தோட்டங்களில் வளர்ச்சியை ஒடுக்கப் பேக்லோபியூட்ரசால் என்ற மருந்தை வேர்ப்பகுதியில் ஊற்றுவார்கள். ஊர்ப்பிள்ளைகள் ஓடி விளையாடி, பறித்த பழத்தை அங்கேயே தின்னும் இடத்தில் அதை ஊற்ற எந்தக் குழுவும் முன்வராது, முன்வரவும் கூடாது. ஆக மிச்சம் இருப்பது கத்தரி மட்டும்.

அந்தக் கத்தரிக்கும் காலம் உண்டு. மா, முதிர்ந்த கிளையின் நுனியில் பூக்கும் மரம். அறுவடை முடிந்த கையோடு வெட்டினால் புதுத்தளிர் விட்டு, அது முதிர்ந்து, அடுத்த பருவத்தில் பூக்க நேரம் கிடைக்கும். சில மாதம் தள்ளிப்போட்டு வெட்டினால் தளிர் இளசாகவே இருக்கும். அந்த வருடம் பூ இல்லை. ஒரு மரத்துக்கு அரைமணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 160 மரத்துக்கு 80 மணி நேரம். கவாத்து தெரிந்தவர்கள் நான்கு பேர் என்றால் ஆளுக்கு 20 மணி. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் வந்தால் ஏழு வாரம். மழையில் ஒரு ஞாயிறு போகும், கல்யாணத்தில் ஒரு ஞாயிறு போகும். முடிப்பதற்குள் காலம் கடந்துவிடும். இதே கணக்கு 670 மரத்துக்கு என்றால் சொல்லவே வேண்டாம்.

இரண்டு வருடம் தொடர்ந்து கவாத்து விட்டுப்போன அடர் மாந்தோட்டம் எப்படி இருக்கும்? கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், உள்ளே வெயில் இறங்காது, காற்று ஓடாது. நிழலில் கிளை காயும். ஈரம் நிற்பதால் நோயும், இருட்டில் தத்துப்பூச்சியும் சேரும். வெயிலைத் தேடி எல்லா மரமும் மேலே போகும். பழம் உச்சிக்கு ஏறிவிடும். குட்டை மரத்துக்காக எடுத்த முடிவு, நெருக்கமான நெட்டை மரங்களில் வந்து முடியும். அதைத் திரும்பச் சீர்செய்வது புதிதாகத் தோட்டம் போடுவதைவிடக் கடினம். மறதிக்கு இந்த முறை கடுமையான தண்டனை தரும்.

தண்ணீரும் கணக்கில் வர வேண்டும். வறண்ட மாதங்களில் ஒரு இளங்கன்றுக்கு ஒரு தடவைக்கு 20 லிட்டர் என்று வைப்போம். 40 கன்றுக்கு 800 லிட்டர். குடத்திலும் வாளியிலும் சுமந்து ஊற்றிவிடலாம். பத்துப் பேர் சேர்ந்தால் பேசிக்கொண்டே முடித்துவிடுவார்கள். 160 கன்றுக்கு 3,200 லிட்டர். சொட்டுநீர் இல்லாமல் நடக்காது. பொது இடத்தில் சொட்டுநீர்க் குழாய் என்பது வாரம் ஒருமுறை யாராவது முழு நீளமும் நடந்து பார்க்க வேண்டிய பொருள்: அணில் கடிக்கும், யாரோ மிதிப்பார்கள், உப்பு அடைக்கும்.

கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் மட்டும் நான் கொஞ்சம் தளர்வு தருவேன். கொய்யா புதுத்தளிரில் பூக்கும் மரம். எந்த மாதம் வெட்டினாலும் தளிர்த்து, பூத்துவிடும். தவறாக வெட்டியவரையும் மன்னிக்கும். கவாத்து கற்றுக்கொள்ள அதைவிட நல்ல மரம் இல்லை. வேலி ஓரமாக ஒரு வரிசை கொய்யாவை நெருக்கி வைத்து, வருகிற எல்லோர் கையிலும் கத்தரியைக் கொடுத்துப் பழக்கினால், இரண்டு மூன்று வருடத்தில் குழுவில் பாதிப் பேருக்குக் கவாத்து கைவந்துவிடும். அந்த ஒரு வரிசைக்கு அடர் நடவு மிகப் பொருத்தம்.

உணவுக் காடு

உயர்ந்த மரம், சிறு மரம், புதர், செடி, தரைமூடி, கிழங்கு, கொடி என்று ஏழு அடுக்குகளாகப் பிரித்து நடும் முறையை மேற்கில் பரவச் செய்தவர் ராபர்ட் ஹார்ட். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் அவர் வளர்த்த தோட்டம் மிகச் சிறியது, ஏக்கரில் எட்டில் ஒரு பங்குதான். ஜாவா போன்ற வெப்ப மண்டல ஊர்களில் வீட்டைச் சுற்றிப் பல தலைமுறையாக இருந்துவரும் அடுக்குத் தோட்டங்கள் இதற்கு முன்னோடி. இந்த இரண்டுக்கும் பொதுவான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. தோட்டக்காரர் தோட்டத்துக்குள்ளேயே குடியிருக்கிறார். காலையில் பல் துலக்கும்போதே ஒரு கொடியை ஒதுக்கிவிடுவார், சமைக்கப் போகும்போது நாலு கீரை கிள்ளுவார். பொதுத் தோட்டத்தில் அப்படித் தினமும் உலவும் கண் இல்லை.

நகரப் பொது நிலத்திலும் இது நடக்கும் என்பதற்குச் சியாட்டிலில் உள்ள பீக்கன் உணவுக் காடு சான்று. நகரத்தின் நீர், கழிவுநீர்த் துறைக்குச் சொந்தமான ஏறத்தாழ 7 ஏக்கர் நிலத்தில் 2012ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. யாரும் வந்து பறித்துக்கொள்ளலாம் என்பது அங்கே கொள்கை. ஆனால் 7 ஏக்கரையும் ஒரே நேரத்தில் நடவில்லை. கட்டம் கட்டமாகத்தான் விரித்தார்கள். உணவுக் காடு பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பெயரோடு இந்த நிதானத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறையின் அருமை, முதல் வருடமே ஏதோ ஒன்று கையில் கிடைப்பது. பப்பாளி, வாழை, கீரை, கிழங்கு, மூலிகை என்று வருகிறவர் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. பழமில்லாத அந்த மூன்று நான்கு வருடங்களில் குழுவைக் கலையாமல் வைத்திருப்பதில் மற்ற இரண்டு முறையும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. களை எடுக்க வருகிறவர் ஒரு கட்டுக் கீரையோடு திரும்பினால் அடுத்த வாரமும் வருவார். தரை மூடியிருப்பதால் மண்ணின் ஈரம் நிற்கும். பூக்கள் பல வகையாக இருப்பதால் தேனீக்கள் ஆண்டு முழுக்கத் தங்கும்.

சிக்கல் மூன்றாம் வருடத்துக்குப் பிறகு ஆரம்பிக்கும். எது களை, எது நட்டது என்று தெரிந்தவர் சிலரே இருப்பார்கள். புதிதாக வந்தவர் ஆர்வத்தோடு பிடுங்கியது யாரோ தேடிக் கொண்டுவந்து நட்ட மூலிகையாக இருக்கும். அதற்குப் பயந்து யாரும் எதையும் தொடாமல் விட்டால் கொடி மரத்தில் ஏறும். பரந்த தோப்பில் களையெடுப்பு யாரும் செய்யக்கூடிய முதல் வகை வேலை. உணவுக் காட்டில் அதே களையெடுப்பு அறிவு வேண்டும் இரண்டாம் வகை வேலையாக மாறிவிடுகிறது. நான் இதற்குத் தயங்குவது முக்கியமாக இதனால்தான். புதர் மண்டினால் பார்வை மறையும் என்பதும் நகரத்தில் பெரிய விஷயம். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் நடக்கப் பயமாக இருக்கிறது என்று அக்கம்பக்கத்தார், குறிப்பாகப் பெண்கள், சொல்ல ஆரம்பித்தால் அது நியாயமான புகார். தோட்டம் ஊரை இழந்துவிடும்.

பழைய கட்டடம் இடித்த மனையோ, போக்குவரத்து நெரிசல் சாலையோரமோ என்றால் நடுவதற்கு முன் மண்ணில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்தே ஆக வேண்டும். பழைய பெயின்டும், முன்பு பெட்ரோலில் கலந்த ஈயமும் மண்ணிலேயே தங்கியிருக்கும். மரத்துப் பழத்துக்குள் அது மிகக் குறைவாகவே போகும். கீரையிலும் கிழங்கிலும் மண் துகளாக ஒட்டியும், வேர் வழியாகவும் அதிகம் சேரும். ஆக ஈயம் உள்ள மண்ணில் பழமரம் வைக்கலாம், உணவுக் காட்டின் கீழ் அடுக்குகளை வைக்க முடியாது. இந்த ஒரு சோதனையே சில இடங்களில் விவாதத்தை முடித்துவிடும்.

நான் எதைத் தேர்வேன்

25 அடிக்கு 25 அடி. ஒரு ஏக்கரில் கணக்குப்படி 69 மரம். பாதை, தண்ணீர்த் தொட்டி, உட்கார ஒரு நிழலிடம் எல்லாம் போக ஐம்பது சொச்சம். எல்லாம் ஒட்டுக்கன்று. கன்றை இரண்டரை அடி உயரத்தில் நுனி வெட்டி, மூன்று நான்கு கிளைகளை நாலாபுறமும் பரவ விட்டு, பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது. ஒரு வருடம் கவாத்து விட்டுப்போனாலும் கிளைகள் முட்டிக்கொள்ள இன்னும் இடம் இருக்கும். அடுத்த வருடம் சரிசெய்துகொள்ளலாம். அடர் நடவின் எட்டும் உயரத்தில் பெரும்பகுதியும், பரந்த நடவின் பொறுமையில் பெரும்பகுதியும் இதில் கிடைக்கும். ஆப்பிள் விளையும் ஊர் என்றால் இதற்கு இணை மரத்தை நடுத்தர உயரத்தில் நிறுத்தும் எம்எம் 106 வேர்ச்செடி, இடைவெளி இன்னும் குறைவாக.

வாசல் பக்கம் மட்டும் ஒரு சிறு துண்டில் உணவுக் காட்டு முறை. பத்து சென்ட் போதும். அதைப் பொறுப்பெடுக்க இரண்டு பேர் பெயரோடு முன்வந்த பிறகே நட வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை அவசியம். வேலியோரம் மேலே சொன்ன கொய்யா வரிசை.

ஒரே ரகத்தை ஐம்பது மரம் வைக்கக் கூடாது. ஒரே ரகம் என்றால் எல்லாம் இரண்டு மூன்று வாரத்துக்குள் பழுத்துக் கொட்டும். அந்த வாரங்களில் குழுவில் பாதிப் பேர் வெளியூர் போயிருப்பார்கள். முன்பருவ, நடுப்பருவ, பின்பருவ ரகங்களையும் வேறு வேறு பழங்களையும் கலந்து, மாதத்துக்கு ஒரு சிறு அறுவடை வருமாறு அடுக்கினால் கைகள் போதும். நெல்லிக்கும் ஆப்பிளுக்கும் வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும், ஒற்றை ரகமாக வைத்தால் காய்ப்பு குறையும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். பலாவைப் பாதையோரத்தில் வைக்காதீர்கள். மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் போகும் தடத்தை நகராட்சியிடம் வரைபடமாக வாங்கிய பின்தான் குழிக்கு அளவு போட வேண்டும்.

என் தேர்வு புரண்டுபோகும் நிலைமைகளும் உண்டு. நிலம் ஐந்து வருடத்துக்குத்தான் எழுத்தில் கிடைத்திருக்கிறது என்றால் பெரிய மரமே வேண்டாம். கொய்யா, எலுமிச்சை, பப்பாளி, வாழையை நெருக்கி வைத்து முதல் வருடத்திலிருந்தே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பள்ளி வளாகமாக இருந்து, சம்பளத் தோட்டக்காரர் ஒருவர் தினமும் வருகிறார் என்றால் அடர் நடவு தைரியமாகப் போடலாம். நாள் தவறக் கூடாத வேலையைச் செய்ய அவர் இருக்கிறார். இரண்டு மூன்று ஏக்கர் நிலம், ஆட்கள் ஏழெட்டுப் பேர்தான் என்றால் பரந்த நடவு, கீழே புல்.

பழம் யாருக்கு

நடவு முறையோடு சேர்த்தே இதையும் முடிவுசெய்ய வேண்டும். ஏனென்றால் மரத்தேர்வு இதைப் பொறுத்தது. இங்கிலாந்தின் டோட்மோர்டன் ஊரில் 2008இல் தொடங்கிய இன்க்ரெடிபிள் எடிபிள் இயக்கம் பொது இடத்தில் விளைந்ததை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது. டொரொன்டோவில் நாட் ஃபார் ஃப்ரம் த ட்ரீ என்ற தன்னார்வ அமைப்பு, வீட்டு மரங்களில் பறிப்பதை மூன்றாகப் பிரிக்கிறது: மரத்துக்காரருக்கு ஒரு பங்கு, பறித்தவர்களுக்கு ஒரு பங்கு, உணவு வங்கிக்கு ஒரு பங்கு. பொதுச் சொத்தை ஊரார் தாமே காப்பது பற்றி ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரோம், விதிகளைப் பயன்படுத்துகிறவர்களே சேர்ந்து வகுத்த இடங்களில் அவை நிலைக்கின்றன என்று காட்டினார். மூன்றையும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது, தோட்டம் முழுவதற்கும் ஒரே விதி வேண்டாம் என்பது.

மாவை யாரும் பறிக்கலாம் என்று விட்டால் பழத்தை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். காயாகவே எல்லாம் போய்விடும், மாங்காய்க்கும் தேவை உண்டு என்பதால். முதலில் வருகிறவர் பறிக்காவிட்டால் அடுத்தவர் பறித்துவிடுவார் என்ற பயம் நல்லவரையும் அவசரப்படுத்தும். முசுக்கொட்டை அப்படியில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வாரம் பழுக்கும், கையில் எடுத்தால் நசுங்கும், மூட்டை கட்ட முடியாது, அங்கேயே நின்று தின்றுவிட்டுத்தான் போக வேண்டும். சப்போட்டாவைக் காயாகத் தின்ன முடியாது, பால் ஒட்டும். அத்தி, எலுமிச்சை இவையும் பேராசைக்கு அவ்வளவாக இடம் தராதவை. இவற்றை வேலியோரமும் பாதையோரமும் வைத்து, ஊரில் யாரும் எப்போதும் பறிக்கலாம் என்று பலகை எழுதிவிடலாம். உள்ளே நிற்கும் மா, பலா போன்றவற்றுக்கு அறுவடை நாள் அறிவித்து, அன்று வந்து உழைத்தவர்களுக்கு ஒரு பங்கு, பக்கத்துத் தெருக்களுக்கு ஒரு பங்கு, முதியோர் இல்லத்துக்கோ சத்துணவுக் கூடத்துக்கோ ஒரு பங்கு என்று அங்கேயே தரையில் பிரித்து வைத்துக் கொடுத்தால் சந்தேகம் எழாது. எடை போட்டு எழுதி வையுங்கள். அடுத்த வருடம் நிலத்துக்காக நகராட்சியின் முன் நிற்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

விழுந்த பழத்துக்கும் பொறுப்பாள் வேண்டும். பருவத்தில் வாரம் இருமுறை பொறுக்கி, நல்லதைத் தனியே எடுத்து, புழு வைத்ததை இரண்டடிக்கும் ஆழமாகப் புதைப்பதற்குப் பெயர் எழுதிய முறைப் பட்டியல் போட வேண்டும். இதைச் செய்யாத தோட்டத்தின் மேல் முதலில் புகார் எழுதுவது, பழத்தைத் தின்ன வந்த அதே பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருக்கும், ஈயும் நாற்றமும் அவர் வீட்டுக்குத்தான் போகும் என்பதால்.

கடைசியாக ஒன்று. ஏக்கர் முழுவதையும் முதல் மழைக்கே நட்டுவிட வேண்டாம். இருபது கன்றோடு தொடங்குங்கள். இரண்டு வறண்ட பருவம் போகட்டும். இருபதில் குறைந்தது பதினெட்டு தழைத்து நின்றால் அடுத்த இருபது குழி எடுக்கலாம். பன்னிரண்டுதான் நிற்கிறது என்றால், புதுக்குழி வேண்டாம்; செத்த எட்டு இடத்திலும் மறுபடி நட்டு, தண்ணீர் ஊற்றும் முறைப் பட்டியலை முதலில் சரிசெய்யுங்கள்.